காட்டுத்தோட்டத்தில் கிளை முறிந்து விழுந்தால் பொறுப்பு யாருக்கு? பாதையை அடைக்கலாமா, காப்பீடு கிடைக்குமா?

ராமநதிக்கரை
2025 டிசம்பர் 6, இரவு 9.10

கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒன்பது ஏக்கர் இருக்கிறது. மூன்று ஏக்கரில் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு முன் வைத்த தேக்கு. மீதி ஆறு ஏக்கரில் மருதும் நாவலும் வேங்கையும் புளியும் தானாக வளர்ந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் வெட்டவிட்டதில்லை. ஊரில் காட்டுத்தோட்டம் என்றுதான் சொல்வார்கள். மிளா வரும். பலாப்பழக் காலத்தில் கரடி வரும்.

தோட்டத்தின் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. மேலே இருக்கும் சாஸ்தா கோயிலுக்கு அதுதான் வழி. சாதாரண நாளில் பத்துப் பேர் நடப்பார்கள். பங்குனி உத்திரத்தன்று குலதெய்வத்தைத் தேடி மும்பையிலிருந்துகூடக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அப்பா ஒருவரையும் தடுத்ததில்லை. நானும் தடுத்ததில்லை.

இந்த ஆடிக் காற்றில் ஒரு மருதங்கிளை முறிந்து, பாதையோரம் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டியின் தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்துவிட்டது. தென்காசிக்குத் தூக்கிப் போய்ச் சேர்த்தோம். 38,000 ரூபாய் செலவை நானே கட்டினேன். பாட்டி இப்போது நடமாடுகிறார், ஆனால் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. அவருடைய பேரனிடம் யாரோ வழக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

சித்தப்பா மகன், பாதையை முள்வேலி போட்டு அடைத்துவிடு என்கிறான். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கேட்டேன். காட்டுக்கெல்லாம் இன்சூரன்ஸ் கிடையாது என்று தலை நிமிராமல் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தை பிறந்ததும் தேக்கில் நெருக்கமாக நிற்பவற்றைக் கழிக்க ஆள் விட வேண்டியிருக்கிறது. மூன்று மாதமாக இரவில் காற்றடித்தாலே தூக்கம் போய்விடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேக்கரைத் தோட்டம்
2025 டிசம்பர் 6, இரவு 9.48

அடைத்துவிடுங்கள். என் அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் தோட்டத்து ஓடையில் ஒரு சிறிய மடு இருக்கிறது. முதலில் ஊர்ப் பிள்ளைகள் குளித்தார்கள். பிறகு யாரோ அதைப் படம் எடுத்துப் போட்டார்கள். சாரல் காலத்தில் வேன் வேனாக வர ஆரம்பித்துவிட்டார்கள். பாறையில் வழுக்கி ஒருவருக்குக் கால் முறிந்தது. பலகை வைத்தேன், பிடுங்கி எறிந்தார்கள். கடைசியில் கேட் போட்டுப் பூட்டிவிட்டேன். நல்ல பெயர் போனால் போகட்டும், ஓர் உயிர் போனால் அதை எப்படித் தாங்குவது?

அம்பை வழக்கறிஞர்
2025 டிசம்பர் 7, காலை 6.35

அண்ணாச்சி, பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். முழுவதும் இறக்க வேண்டாம்.

மரம் உங்கள் நிலத்தில் நின்றது என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் பொறுப்பாகிவிட மாட்டீர்கள். நிலத்துக்குள் வருகிறவர்களிடம் உரிமையாளருக்குள்ள கடமையைச் சொல்ல இங்கிலாந்தில் 1957இலும் 1984இலும் தனிச் சட்டங்கள் இயற்றினார்கள். நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. தீர்ப்புகள் வகுத்த கவனக்குறைவுக் கோட்பாட்டை வைத்துத்தான் நம் நீதிமன்றங்கள் முடிவு செய்கின்றன.

மர விஷயத்தில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தில்லி மாநகராட்சி வழக்கு. ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவர் மீது சாலையோர மரத்தின் கிளை விழுந்து அவர் இறந்துபோனார். மாநகராட்சி இழப்பீடு தர வேண்டும் என்பதுதான் முடிவு. அங்கே கேட்கப்பட்ட கேள்வி உங்களிடமும் கேட்கப்படும். கிளை பட்டுப்போயிருந்ததா? அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்ததா? கடைசியாக எப்போது பார்த்தீர்கள், பார்த்து என்ன செய்தீர்கள்? பச்சை மரம், வெளியே ஒரு கோளாறும் தெரியவில்லை, ஆண்டுதோறும் பார்த்தே வருகிறேன் என்று உங்களால் காட்ட முடிந்தால் வழக்கு நிற்பது கடினம். இரண்டு ஆண்டாக இலை விடாத கிளை பாதைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது என்றால் உங்களுக்குத்தான் கடினம்.

காற்றின் மேல் பழி போட்டுத் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். இயற்கையின் செயல் என்ற வாதம் எதிர்பார்க்க முடியாத ஒன்றுக்குத்தான் செல்லும். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆண்டு தவறாமல் வருகிற ஆடிக் காற்றை இந்தச் சீமையில் எந்த நீதிபதி எதிர்பாராதது என்று ஏற்றுக்கொள்வார்?

பாதையை அடைப்பது பற்றி. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி இருபது ஆண்டு தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு நடந்த வழி உரிமையாகிவிடும். ஊர் வழக்கத்தால் வருகிற உரிமையை 18ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்கு நடந்த பாதையில் முள்வேலி போட்டால், அடுத்த வாரமே உரிமையியல் நீதிமன்றத்தில் உங்கள் மேல் தடையாணை மனு வரும். மேக்கரை நண்பரின் மடுவுக்கு வருகிறவர்கள் விருந்தாளிகள். அவர் பூட்டலாம். உங்கள் பாதைக்கு அது பொருந்தாது.

சிவசைலத்து மகள்
2025 டிசம்பர் 7, காலை 8.20

நான் சுள்ளி பொறுக்கியவரின் மகள். உங்கள் தோட்டத்தில் அடிபட்டவர் இல்லை, வேறொருவர். ஆனால் என் அம்மா முப்பது ஆண்டுகள் அதுபோன்ற ஒரு பாதையில்தான் நடந்தார். அந்த விறகில் சோறு பொங்கித்தான் நான் பாளையங்கோட்டைக்குப் போய்ப் படித்தேன்.

மேக்கரை ஐயா சொன்ன வேன் கூட்டத்தையும் எங்களையும் ஒன்றாக வைக்காதீர்கள். எந்தக் கிளை பட்டிருக்கிறது, எதில் தேனீ கூடு கட்டியிருக்கிறது, எந்தப் புதரில் கரடி படுக்கிறது என்பதெல்லாம் அம்மாவுக்கு நிலத்துக்காரரைவிட நன்றாகத் தெரியும். அவரிடம் யாரும் கேட்டதில்லை. தோட்டக்காரர் எப்போதாவது ஒருநாள் கேட்டிருந்தால், எத்தனையோ கிளை விழுவதற்கு முன்பே இறங்கியிருக்கும்.

அந்தப் பாட்டிக்குக் கை தூக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு யாராவது அழைத்துப் போனார்களா? தோள் முறிவில் அதைச் செய்யாவிட்டால் மூட்டு இறுகிவிடும்.

ராமநதிக்கரை
2025 டிசம்பர் 7, காலை 9.05

இல்லை அக்கா. கட்டுப் பிரித்ததோடு நின்றுவிட்டது. எனக்குத் தோன்றவில்லை. நாளைக்கே கேட்கிறேன்.

பாளை ஓய்வூதியர்
2025 டிசம்பர் 7, பகல் 11.30

பொதுக் காப்பீட்டில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். காட்டுக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்று அவர்கள் சொன்னதற்குக் காரணம், நீங்கள் காட்டுக்கு என்று கேட்டதுதான். நிற்கிற மரத்துக்கு ஒரு பாலிசி, வழியில் நடக்கிறவர்களுக்கு ஒன்று, கூலிக்கு வருகிறவர்களுக்கு இன்னொன்று. மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

முதலில் மரம். தோட்டப் பயிர்களுக்கும் வளர்ப்பு மரங்களுக்கும் தீ, இடி, புயல், வெள்ளம் ஆகியவற்றுக்கு எதிராகப் பாலிசி உண்டு. உங்கள் தேக்கு அதில் வரலாம். தானாக வளர்ந்த மருதுக்கும் நாவலுக்கும் மதிப்புப் போட்டு எழுதிக்கொடுக்க எந்தக் கிளை அலுவலகமும் லேசில் முன்வராது. தீப் பாலிசி எடுத்தால் ஒரு வரியைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு படியுங்கள். நெடுங்காலமாகப் புழங்கிய பொதுத் தீக் காப்பீட்டுப் பாலிசியில் புதர்த்தீ அடங்கும், காட்டுத்தீ அடங்காது. காட்டுத்தீக்குத் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். மலைச்சரிவில் போதைப்புல் என்னும் உயரமான புல் பற்றி எரிந்து கீழே இறங்குகிற மாசி, பங்குனியில்தான் பலர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்கிறார்கள். தெரிந்துகொள்ளும்போது சாம்பல்தான் மிச்சம் இருக்கும்.

அடுத்து வழிப்போக்கர். இதற்குப் பொதுப் பொறுப்புப் பாலிசி என்று பெயர். தொழிற்சாலைக்கு ஒன்றும் மற்ற இடங்களுக்கு ஒன்றும் என இரண்டு வகை உண்டு. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாவது வகை. 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். அந்தச் சட்டம் அபாயகரமான பொருள்களைக் கையாளுகிறவர்களுக்கானது, உங்களுக்குத் தொடர்பில்லை. பாலிசியில் ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஓராண்டுக்கு மொத்தம் இவ்வளவு என்று இரண்டு வரம்பு இருக்கும். முதல் இவ்வளவு ரூபாய் உங்கள் கைப்பொறுப்பு என்றும் இருக்கும். உங்கள் சொந்த வேலையாட்களுக்கு இது செல்லாது. சட்டத்தை வேண்டுமென்றே மீறியிருந்தாலும் செல்லாது.

கிளை அலுவலகத்தில் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். பட்டா, சிட்டா, புலப்படத்தின் நகல், பாதை எங்கே போகிறது என்று கோடு போட்ட ஒரு வரைபடம், மரங்களைப் பார்த்துக் குறித்த நோட்டு, இத்தனையையும் இணைத்துக் கொடுங்கள். கையை வீசிக்கொண்டு போய் நின்று கேட்பவருக்குக் கிடைக்காத பாலிசி, கோப்போடு போகிறவருக்குப் பல நேரம் கிடைத்திருக்கிறது. நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன்.

ஆடியில் நடந்த விபத்துக்கு இனி எடுக்கிற பாலிசி உதவாது. முன்மொழிவுப் படிவத்தில் அதை மறைத்துவிடவும் கூடாது. மறைத்தால் நாளைக்கு வேறொரு விபத்தில் உங்கள் கோரிக்கையைத் தள்ளிவிட அதுவே போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிவசைலத்து அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. பாலிசி இருக்கும்போது நிறுவனத்தைக் கேட்காமல் அடிபட்டவருக்குப் பணம் கொடுப்பதோ, தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்வதோ பாலிசியின் நிபந்தனைக்கு விரோதம்.

சிவசைலத்து மகள்
2025 டிசம்பர் 7, பகல் 12.15

கோபம் இல்லை ஐயா, வருத்தம் இருக்கிறது. கிளைக்கு அடியில் கிடக்கிறவரை விட்டுவிட்டுக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒரு தாள் சொல்கிறது என்றால், அந்தத் தாளை நான் எப்படி நல்லது என்று சொல்வேன்?

அம்பை வழக்கறிஞர்
2025 டிசம்பர் 7, மாலை 4.50

இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போகிற இடம் இருக்கிறது. முதலுதவி செய்வதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதும் பொறுப்பை ஒப்புக்கொள்வதாகாது. சிகிச்சைச் செலவைக் கட்டும்போது, மனிதாபிமான உதவியாகக் கொடுக்கிறேன், இதனால் பொறுப்பை ஏற்றதாகக் கொள்ளக் கூடாது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும். அன்றைக்கே நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். எந்த நீதிமன்றமும் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்காக நிலச் சொந்தக்காரரைத் தண்டித்து நான் பார்த்ததில்லை. சேர்க்காமல் ஓடிப்போனதை நீதிபதிகள் கவனித்துக் குறித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணாச்சி, அந்தப் பேரனை நேரில் போய்ப் பாருங்கள். பிசியோதெரபிக்கு ஏற்பாடு செய்யுங்கள். இது சட்ட ஆலோசனைக்கு வெளியே நான் சொல்வது. ஆனால் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான்.

குற்ற வழக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கவனக்குறைவால் மரணம் ஏற்பட்டால் பழைய தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டு வரை என்று உயர்த்தியிருக்கிறது. எந்தக் காப்பீடும் சிறைத் தண்டனையை ஏற்றுக்கொள்ளாது. ஆகவே பாலிசிக்கு முன் மரத்தைப் பாருங்கள்.

விழப்போகிற மரம் என்று பக்கத்து நிலத்துக்காரரோ ஊரோ கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவு, பழையதில் 133, அதற்கு இடம் தருகிறது. அப்படி ஒரு மனு வந்த பிறகும் மரம் நின்று, பிறகு விழுந்தால், தெரியாது என்று சொல்ல வாயே இருக்காது.

களக்காட்டு வாழை
2025 டிசம்பர் 7, இரவு 8.05

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் பயமெல்லாம் மரம் இல்லை, வேலிதான். முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் வாழை போட்டிருக்கிறேன். பன்றி ஓர் இரவில் ஐம்பது வாழையைச் சாய்த்துவிடும். பக்கத்துத் தோட்டத்தில் வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விட்டிருந்தார்கள். பன்றிக்கு வைத்தது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன அவர்களுடைய சொந்த மாமாவே அதில் மாட்டி இறந்துபோனார். அந்த வீட்டில் இப்போது யாரும் வாய் திறந்து பேசிக்கொள்வதில்லை.

சூரிய மின்வேலி போட்டால் சட்டத்தில் இடம் இருக்கிறதா? விபத்து நடந்தால் காப்பீடு வருமா?

அம்பை வழக்கறிஞர்
2025 டிசம்பர் 7, இரவு 9.20

தம்பி, வீட்டு மின்சாரத்தை வேலியில் விடுவதைக் கவனக்குறைவு என்று மட்டும் போலீஸ் பார்ப்பதில்லை. மரணம் விளையும் என்று தெரிந்தே செய்ததாகக் கொண்டு, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகப் பதிவு செய்கிறார்கள். அதற்குத் தண்டனை மிகப் பெரிது. மின்திருட்டு வழக்கு தனி. யானையோ மிளாவோ மாட்டினால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனி.

முறையான மின்வேலி என்பது அதிர்ச்சி மட்டும் கொடுத்து விலக்குகிற, விட்டு விட்டுத் துடிக்கும் மின்சாரம் தருகிற தரச்சான்றுள்ள கருவியைக் கொண்டது. தமிழ்நாட்டில் இதற்கென 2023இல் விதிகள் வந்திருக்கின்றன. காப்புக் காட்டை ஒட்டிய பகுதியில் புதிதாகப் போடுவதற்கு வனத்துறையின் முன் அனுமதி வேண்டும், முன்பே போட்டிருந்தால் பதிவு செய்ய வேண்டும்.

பாளை ஓய்வூதியர்
2025 டிசம்பர் 7, இரவு 9.41

பதிவு செய்யாத வேலிக்குப் பாலிசியில் ஒரு ரூபாய்கூட எதிர்பார்க்க வேண்டாம். பதிவுச் சான்றின் நகலை முன்மொழிவோடு இணைத்துவிடுங்கள்.

செங்கோட்டை மரவெட்டு
2025 டிசம்பர் 8, காலை 5.50

நான் மரவெட்டு ஒப்பந்தக்காரன். அண்ணாச்சி தையில் தேக்குக் கழிக்க ஆள் விடப்போவதாக எழுதியிருந்தார். எல்லோரும் பாதையில் நடக்கிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

2022 மாசியில் ஒரு தோட்டத்தில் தேக்கு வெட்டும் வேலையைக் கூலி பேசி எடுத்தேன். எல்லாம் வாய்ப்பேச்சுத்தான். என்னோடு பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர், வயது 40. வெட்டிய மரம் பக்கத்து மரக் கவட்டில் சாய்ந்து மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்க அடிமரத்தை அறுத்தபோது மேல்மரம் திரும்பி அவர் மேல் இறங்கியது. தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியிலேயே போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகள்.

வழக்கு தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் போனது. கணக்கு இப்படி. மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். அவர் கூலி அதற்கு மேல் இருந்தாலும் சட்டம் எடுத்துக்கொள்கிற உச்ச சம்பளம் 15,000. பாதி 7,500. நாற்பது வயதுக்கு எண் 184.17. பெருக்கினால் 13,81,275 ரூபாய். அதற்கு மேல் ஈமச்செலவு, தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. வேலையாள் மேல் தவறு, அவர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்ற வாதம் உயிரிழப்பில் எடுபடாது என்று எங்கள் வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார்.

நிலத்துக்காரர் தனக்குத் தொடர்பே இல்லை, ஒப்பந்தக்காரர்தான் முதலாளி என்றார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தன் தொழிலுக்கான வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்வித்தாலும், குடும்பத்துக்கு முதலில் கொடுக்க வேண்டியவர் அவர்தான். பிறகு என்னிடம் வசூலித்துக்கொள்ளலாம். அவர் கொடுத்தார். நான் ஊரில் இருந்த நாற்பது சென்ட் நிலத்தை விற்றுப் பாதியை அவரிடம் கட்டினேன். மீதியை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். பணத்தை விடுங்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மா தீர்ப்பு வரும்வரை பதினெட்டு மாதம் பீடி சுற்றித்தான் வீட்டை ஓட்டினார். வேலையாள் பாலிசி ஒன்று இருந்திருந்தால் அத்தனை நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு மரத்தின் விலைகூட ஆகாது அந்தப் பிரீமியம். நான் எடுக்கவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதைக் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்பை வழக்கறிஞர்
2025 டிசம்பர் 8, காலை 7.15

இவர் எழுதியதை இரண்டு முறை படியுங்கள். தனியார் தோப்புக்காரர்களுக்கு வருகிற பெரிய இழப்பீடுகளில் என் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் இந்த வகைதான், வழிப்போக்கர் வழக்கு அபூர்வம்.

அவர் வழக்கு நடந்தபோது இருந்தது 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. கணக்குப் போடும் முறை அதேதான். ஒரு நாள் கூலி, இரண்டு நாள் கூலி என்று சொல்லியும் தப்ப முடியாது. தற்காலிக ஆள் என்ற விலக்கை 2000ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே எடுத்துவிட்டார்கள்.

மரத்தைக் கொடுப்பதில் இரண்டு வழி உண்டு. நின்ற நிலையில் வியாபாரிக்கு விற்று, அவர் தன் ஆட்களைக் கொண்டு வெட்டி எடுத்துப் போவது ஒரு வழி. அப்போது வெட்டு அவருடைய தொழில், முதலாளி அவர். நீங்களே வெட்டுக்கூலி பேசி ஆள் விட்டு, மரத்தை நீங்களே விற்பது இன்னொரு வழி. அப்போது முதலில் கை உங்கள் மேல்தான் வரும். எந்த வழியானாலும் முத்திரைத்தாளில் எழுதுங்கள். வாய்ப்பேச்சு என்றால், நடந்த பிறகு ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

கழிப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. மலையடிவாரச் சர்வே எண்களில் சில 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டவை. உங்களுடையது அதில் இருந்தால் முன் அனுமதி இல்லாமல் மரம் வெட்டவும் கூடாது, நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. பட்டா கையில் இருப்பதால் எல்லாம் நம் இஷ்டம் என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் இந்தப் பக்கம் நிறைய. மாவட்ட வன அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். தேக்கை ஏற்றிப் போக வழிச்சீட்டும் அங்கேதான்.

சென்னையிலிருந்து ஒரு வாரிசு
2025 டிசம்பர் 8, பகல் 1.25

திருக்குறுங்குடி பக்கம் தாத்தாவின் ஐந்து ஏக்கர் என் பெயருக்கு வந்திருக்கிறது. ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். பாழுங்கிணறு ஒன்று மூடாமல் கிடக்கிறது. நான் ஊரில் இல்லை என்பதால் பொறுப்புக் குறையுமா?

அம்பை வழக்கறிஞர்
2025 டிசம்பர் 8, பகல் 2.10

குறையாது. கிணற்றுக்கு இந்த வாரமே கைப்பிடிச் சுவர் எழுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் மூடச் சொல்லுங்கள். ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் மாதம் ஒருமுறை பார்த்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

பாளை ஓய்வூதியர்
2025 டிசம்பர் 8, இரவு 7.30

செங்கோட்டைத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை. வேலையாள் பாலிசியை எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பிரீமியம் மொத்தக் கூலியைப் பொறுத்தது. நான்கு ஆள் என்று எழுதிவிட்டு எட்டு ஆள் விட்டால் சிக்கல். என்ன வேலை என்பதையும் உள்ளபடி எழுதுங்கள். தோட்ட வேலை என்று எழுதிவிட்டு மரமேறவோ மெஷின் கொண்டு அறுக்கவோ விட்டால், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே மறுப்பார்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தாமாகச் சேர மாட்டார்கள், அவர்களையும் சேர்க்கிறேன் என்று தனியாக எழுதி வாங்க வேண்டும். மருத்துவச் செலவு பல பாலிசிகளில் கூடுதல் தொகை கட்டினால்தான் வரும். தாமதித்ததற்காக ஆணையர் விதிக்கும் அபராதத்தை நிறுவனம் ஏற்காது, அது உங்கள் தலையில்தான்.

இதோடு, வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் வங்கிக் கணக்கில் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை. விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம். இது உங்கள் பொறுப்பைக் குறைக்காது, ஆனால் அந்த வீட்டுக்கு உடனே ஒரு கை கொடுக்கும். அந்த இருபது ரூபாயை நீங்களே கட்டுங்கள்.

கோரிக்கையை நிறுவனம் அநியாயமாக மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. தனிநபர் பெயரில் உள்ள பாலிசி என்றால் 50 லட்சம் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம்.

மேக்கரைத் தோட்டம்
2025 டிசம்பர் 8, இரவு 9.00

என் பேச்சில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். பாதையையும் மடுவையும் ஒன்றாக நினைத்துச் சொல்லிவிட்டேன். மடுவின் பூட்டு இருக்கும். ஆனால் என் தோட்டத்திலும் மிளகுக்கு ஆள் ஏறுகிறார்கள். மிளகுக் கொடி பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் முப்பது அடி. பாலிசி இல்லை. நாளை காலையில் போகிறேன்.

ராமநதிக்கரை
2026 ஜனவரி 4, இரவு 8.45

ஒரு மாதம் ஆகிவிட்டது. நடந்ததை எழுதாமல் இருந்தால் உங்களுக்கு நன்றி சொன்னதாகாது.

பாட்டி வீட்டுக்குப் போனேன். பேரன் முதலில் முகம் கொடுக்கவில்லை. தோள் இறுகிப்போனதைப் பற்றிக் கேட்டதும்தான் உட்காரச் சொன்னான். வாரத்தில் மூன்று நாள் தென்காசிக்குச் சிகிச்சைக்குப் போகிறார்கள். செலவு என்னுடையது. வழக்கறிஞர் ஐயா சொன்னபடி ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவன் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டான், அதுவும் நல்லதே. இப்போது கை காது வரைக்கும் உயர்கிறது. வழக்கைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பாதையில் பாட்டியையே அழைத்துக்கொண்டு நடந்தேன். சிவசைலத்து அக்கா எழுதியது உண்மை. நான் பச்சை என்று நினைத்த இரண்டு மருதங்கிளைகளில் ஒன்று உள்ளே பொந்து என்று கிளி நுழைவதைக் காட்டிச் சொன்னார். பாதையின் இருபுறமும் நிற்கிற 41 மரங்களுக்கு வெள்ளைச் சாயத்தில் எண் போட்டு, ஒரு நோட்டில் குறித்து, தேதியோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன். வெட்ட வேண்டியது ஐந்து கிளை. ஆண்டுக்கு இருமுறை, ஆனி தொடங்குமுன் ஒன்று, ஐப்பசி மழைக்கு முன் ஒன்று என்று பார்ப்பதாக முடிவு.

வன அலுவலகத்தில் சர்வே எண் கொடுத்திருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் தேக்கில் கை வைப்பேன். தை தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

வேலையாள் பாலிசி கிடைத்துவிட்டது. ஆறு பேர், மரமேறுதல், மெஷின் அறுப்பு என்று உள்ளபடியே எழுதினேன். ஒப்பந்தக்காரர் ஆட்களும் சேர்ந்திருக்கிறார்கள். பொதுப் பொறுப்புப் பாலிசிக்கு இரண்டு இடத்தில் மறுத்தார்கள். மூன்றாவது இடத்தில் கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு, நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆடி விபத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

ஐந்து கிளையையும் போன வியாழக்கிழமை கயிறு கட்டி இறக்கினோம். செங்கோட்டை நண்பர்தான் தானே வந்து நின்று இறக்கிக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன். விறகைப் பாட்டி வீட்டுக்கு வண்டியில் அனுப்பிவிட்டேன்.

சிவசைலத்து மகள்
2026 ஜனவரி 4, இரவு 9.30

அந்த 41இல் நாவல் எத்தனை? பழக் காலத்தில் பிள்ளைகள் ஏறுவார்கள். நாவல் கிளை பச்சையாக இருக்கும்போதே மளுக்கென்று ஒடிந்துவிடும். அதற்கு நோட்டில் இடம் வைத்திருக்கிறீர்களா தம்பி?

ராமநதிக்கரை
2026 ஜனவரி 4, இரவு 9.52

ஏழு நாவல் இருக்கிறது அக்கா. பாதைக்கு மேலே கிளை நீட்டியிருப்பவை 12ஆம் எண்ணும் 29ஆம் எண்ணும். பிள்ளைகள் ஏறுவது என் நினைவிலேயே இல்லை. தாழ்ந்த கிளைகளை ஆனிக்கு முன் எடுத்துவிட்டு, பழத்தை உலுக்கிக் கொடுக்க ஒரு தொரட்டிக் கம்பு வாங்கி வைக்கிறேன். இப்போதே நோட்டில் எழுதிவிட்டேன்.